முயலின் காதுச் சொறிக்கு மாட்டு மருந்து போடலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று மார்கழியில் கிளிநொச்சியில் ஒருவரிடம் மூன்று முயல் வாங்கினோம். ஒரு வெள்ளைக் கடுவன், இரண்டு பெட்டை. தை பிறந்த பிறகு வெள்ளை முயல் தலையை உதறிக்கொண்டே இருந்தது. இப்போது இரண்டு காதும் உள்ளே தவிட்டு நிறத்தில் பொருக்குப் பிடித்து நிறைந்துவிட்டது. மூக்கு நுனியிலும் கால் விரல்களிலும் வெள்ளையாகத் தடித்திருக்கிறது. சாம்பல் நிறப் பெட்டைக்கு நெஞ்சு மயிர் உதிர்கிறது, ஆனால் அது சொறிவதில்லை. மகனுக்குக் கையில் சின்னச் சின்னப் பருவாக வந்து கடிக்கிறது. பக்கத்து வீட்டு ஐயா பழைய இஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறார். வவுனியாவில் இருந்து தம்பி, நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்து ஒன்று வாங்கி வந்திருக்கிறான். அத்தானிடம் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் போத்தல் இருக்கிறது, அரை சிசி போட்டால் சரி என்கிறார். எதைச் செய்வது?

பதில்: உங்கள் தம்பி வாங்கி வந்த மருந்தின் பெட்டியை எடுத்து, அதில் என்ன மருந்து என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஃபிப்ரோனில் என்று இருந்தால் அதை முயலுக்கு எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் உண்ணி, தெள்ளு போக விடுகிற மருந்து அது. அவற்றுக்கு நல்ல மருந்துதான். முயலுக்கு அது வலிப்பு வர வைக்கும், சாப்பாட்டை நிறுத்தும், கொல்லவும் செய்யும். விட்ட அன்றே ஒன்றும் தெரியாமல் இருந்து, ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். பல பெட்டிகளில் முயலுக்குப் பாவிக்க வேண்டாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. அமிட்ராஸ் என்று இருந்தாலும் முயலுக்கு விட வேண்டாம். தம்பி மனம் நோகாமல் அதை நாய்க்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இஞ்சின் ஒயில் பூசுவது வன்னியில் நாய்ச்சொறிக்கு எத்தனையோ வருடமாக நடக்கிறது. பக்கத்து வீட்டு ஐயா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் முயல் நாளில் நிறைய நேரம் தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்கிற பிராணி. தோலில் பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். அதுவும் முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, போனது போனதுதான். பழைய ஒயிலில் இஞ்சின் தேய்ந்த உலோகத்தூளும் இருக்கும். முயலின் தோல் மெல்லியது, எரிந்து கொப்பளிக்கும். மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், டெட்டோல் தண்ணீர் எல்லாவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். வேப்பெண்ணெய் இவற்றைப் போல ஆபத்தானது அல்ல, சொறியைக் கொண்டுவருகிற நுண்ணிய ஒட்டுண்ணியான சிற்றுண்ணிக்கு ஓரளவு எதிராகவும் வேலை செய்யும். ஆனால் இவ்வளவு தடித்த பொருக்குக்குள் அது இறங்காது. வேப்பெண்ணெயை நம்பி மூன்று கிழமை போய்விட்டால் நோய் மற்ற இரண்டுக்கும் பரவியிருக்கும்.

அத்தானுக்கு வருவோம். அவர் சரியான மருந்தைத்தான் பிடித்திருக்கிறார். முயல் சொறிக்கு நாங்கள் பெரும்பாலும் போடுவதும் ஐவர்மெக்டின்தான். யப்பானில் ஒரு மண் மாதிரியில் கிடைத்த நுண்ணுயிரில் இருந்து பிறந்த மருந்து இது. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பிழை மருந்தில் இல்லை, அந்த அரை சிசியில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். மாட்டு ஊசிப் போத்தல் வழமையாக 1 சதவீதம், அதாவது ஒரு சிசியில் 10 மில்லிகிராம். மாட்டுக்கு 50 கிலோவுக்கு ஒரு சிசி என்று அளப்பார்கள். முயலுக்கு நாங்கள் கணக்கிடுவது ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை. உங்கள் வெள்ளைக் கடுவன் இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால் அதற்கு வேண்டியது 0.04 முதல் 0.08 சிசி. ஏறக்குறைய ஒரு சொட்டு, கூடினால் இரண்டு. அரை சிசி என்பது அதைப் போல ஆறு முதல் பன்னிரண்டு மடங்கு. அளவு மிஞ்சினால் முயல் மயங்கிக் கிடக்கும், தள்ளாடும், கால் இழுக்கும், அப்புறம் எழும்பாமலே போகலாம். மாட்டு ஊசி போடுகிற சிரிஞ்சில் ஒரு சொட்டை அளக்கவே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில போத்தல்களில் ஐவர்மெக்டினோடு ஈரல் தட்டைப்புழுவுக்கான குளோர்சுலோன் என்ற மருந்தும் கலந்திருக்கும். பெயரும் போத்தலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதை முயலுக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அத்தானின் போத்தல் எப்போது திறந்தது, மாட்டுக் கொட்டிலில் வெயிலில் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஆகவே கணக்கை மேலே எழுதினேன் என்பதற்காக வீட்டில் ஊசியை எடுக்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்று அத்தானுக்கு விளங்க வைக்கத்தான் எழுதினேன். வெறுமனே வேண்டாம் என்றால் அவர் கேட்க மாட்டார், மாடு வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும்.

சரி, முயலுக்கு என்ன வருத்தம்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரு சிற்றுண்ணி அல்ல, இரண்டு வகை இருக்கலாம் என்று படுகிறது. காதுக்குள் அவலை அடுக்கியது போலப் பொருக்கு ஏறுவது சொரோப்டிஸ் என்ற வகை. அது காதுக்குள் தோலின் மேலேயே வாழும், தோலைத் துளைத்து உள்ளே போகாது. முயலுக்குப் பயங்கரக் கடி, தலையை உதறும், பின்னங்காலால் காதைக் கிழிக்கும். இது மனிதருக்கு ஒட்டாது. மூக்கு நுனி, உதடு, கால் விரல், நகத்தடி, காது ஓரம் என்று வெள்ளையாகத் தடிப்பது சார்கோப்டிஸ் என்ற மற்ற வகை. அது தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். மனிதரின் தோலிலும் கொஞ்ச நாள் தொல்லை கொடுக்கும். மகனின் கையில் வந்திருப்பதுதான் எனக்கு அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. வெறும் காதுச் சொறி என்றால் பிள்ளைக்குக் கடிக்க நியாயமில்லை.

இன்னும் இரண்டு சாத்தியங்களை நான் மனதில் வைத்திருக்கிறேன். ஒன்று, முதுகில் பொடுகு போல உதிர்ந்து, உற்றுப் பார்த்தால் அந்தப் பொடுகே நகர்கிற மாதிரித் தெரியும் செயிலெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி. முயலைத் தூக்குகிற கையிலும் வயிற்றிலும் பருவைக் கொண்டுவரும். மற்றது படர்தாமரை, அது பூஞ்சணம். வட்டமாக மயிர் முறிந்து விழும், மகனின் கையிலும் வட்டமாகவே வரும். இதற்கு ஐவர்மெக்டின் ஒன்றும் செய்யாது. பார்வையில் இவற்றைப் பிரிப்பது எனக்கே கடினம். தோலைக் கொஞ்சம் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். காதுச் சொறியை மட்டும் நீங்களே வீட்டில் பார்க்கலாம்: தானாக விழுந்த பொருக்கு ஒன்றைக் கறுப்புக் கடதாசியில் வைத்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைப் புள்ளி அசைந்தால் அதுதான்.

தானாக விழுந்த பொருக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள். காதுக்குள் இருப்பதைப் பிய்க்க வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். பொருக்கின் அடியில் தோல் வெறும் இரணமாக இருக்கும். பிய்த்தால் இரத்தம் வரும், முயல் வலியில் துடிக்கும், புண்ணில் கிருமி சேரும். பஞ்சுக்குச்சியை விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். மருந்து வேலை செய்தால் ஒரு கிழமை பத்து நாளில் பொருக்கு தானாகவே கழன்று விழும், கீழே புதுத்தோல் இருக்கும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காதை இப்படியே நீண்ட நாள் விடவும் முடியாது. முயலுக்கு எங்களைப் போல வியர்ப்பதில்லை. உடல் சூட்டைப் பெரும்பாலும் காதின் இரத்தக்குழாய் வழியாகத்தான் வெளியே விடுகிறது. இரண்டு காதும் பொருக்கில் மூடியிருக்கிற முயலுக்குப் பங்குனி, சித்திரை வெயில் மற்ற முயல்களைவிட இரண்டு மடங்கு கொடுமை. முப்பது பாகைக்கு மேலே போனாலே முயல் திணறத் தொடங்கும், விசுவமடுவில் மதியத்தில் அது எந்த நாளும் நடக்கிற விஷயம். தகரக் கூரைக்குக் கீழே கூடு இருந்தால் இன்றைக்கே வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீரை உறைய வைத்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கூட்டின் ஒரு மூலையில் வைத்தால் வேண்டியபோது வந்து சாய்ந்து படுக்கும். சூட்டைத் தணிக்கிறோம் என்று முயலைக் குளிப்பாட்டாதீர்கள். நனைந்த முயல் அதிர்ச்சியிலேயே போய்விடக்கூடும்.

இனி மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிற வேலை. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாளெல்லாம் மாடும் ஆடும் கோழியும்தான் பார்ப்பார்கள். முயல் என்று போய் நின்றால் சிரிப்பார்களோ என்று நினைக்க வேண்டாம். வைத்தியர் காலையில் வெளியே ஊர்களுக்குப் போய்விடுவதும் உண்டு, ஆகவே முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். போகுமுன் மூன்று முயலையும் கடைத் தராசில் தனித்தனியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டில் அளக்கிற மருந்துக்கு எடையை ஊகிக்கக் கூடாது. விடிந்த கையோடு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டிக்குள் முயலை வைத்துக்கொண்டு போனால் நோயை விட வெயில் முந்திவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும், அடியில் ஒரு சாக்குத் துண்டு, கொஞ்சம் புல். காதைப் பிடித்துத் தூக்குவது எப்போதும் பிழை, இப்போது சித்திரவதை. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே.

மூன்றையும் கொண்டுபோக வேண்டும். சொறி இல்லாத முயல் என்று ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள்தான் இரண்டு மாதத்தில் திரும்பவும் வருகிறார்கள். ஒரே கூட்டில் இருந்தவை எல்லாவற்றுக்கும் மருந்து வேண்டும்.

அதோடு, ஒரு ஊசியில் இது முடியாது. ஐவர்மெக்டின் உயிருள்ள சிற்றுண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து, திரும்ப முட்டையிட ஏறக்குறைய மூன்று கிழமை ஆகும். அதற்குள் அடுத்ததைப் போட்டால்தான் சங்கிலி அறும். அதனால் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு தடவை, பல சமயம் மூன்று தடவை போடுவோம். முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் முயல் சொறிவதைக் குறைத்துவிடும், ஒரு கிழமையில் பொருக்கு விழும், வீட்டில் எல்லோரும் சுகம் என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் இந்த வைத்தியம் தோற்கிறது. இரண்டாவது ஊசித் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு, மகனிடம் பொறுப்புக் கொடுங்கள், அவன் மறக்க மாட்டான். கழுத்தில் விடுகிற செலமெக்டின் என்ற மருந்தும் முயலுக்குப் பாதுகாப்பானது. கிடைத்தால் வைத்தியர் அதைத் தெரிவு செய்யலாம், ஊசியின் எரிவு மிச்சம்.

சாம்பல் பெட்டையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சுவாரசியம். நெஞ்சு மயிர் மட்டும் போகிறது, சொறிவதில்லை என்றால் அது சொறியாக இருக்க வாய்ப்புக் குறைவு. குட்டி போட முன் பெட்டை முயல் தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிப் படுக்கை செய்யும். கடுவனும் பெட்டையும் மூன்று மாதமாக ஒரே கூட்டில் இருந்திருக்கின்றன அல்லவா? முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலை தேடித் திரிந்தால் நாள் நெருங்கிவிட்டது, ஒரு பெட்டியில் வைக்கோல் போட்டுத் தனியாக வையுங்கள். பொய்ச்சினையாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஊசி போடுமுன் சினைச் சந்தேகம் இருக்கிறது என்பதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்க மறந்தாலும். இன்னொன்று: வேலியோரத்து இப்பில் இப்பில் இலையை நிறைய வெட்டிப் போடுகிறீர்களா? அதில் உள்ள மிமோசின் என்ற பொருள் முயலுக்கு மயிரை உதிர்க்கும், கடி இருக்காது. அப்படியென்றால் இலையை நிறுத்திவிட்டுப் புல்லுக்கு மாறினால் போதும்.

மருந்துக்கடையில் நீங்களாக ஒன்றும் வாங்க வேண்டாம். புண்ணுக்கு என்று பிள்ளைக்குக் கொடுத்த அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருக்கும், அதை முயலுக்குக் கொடுக்க மனம் வரும். பெனிசிலின் குடும்பத்து மருந்தை வாயால் கொடுத்தால் முயலின் குடலில் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, வயிற்றோட்டத்தில் சில நாளில் முயல் போய்விடக்கூடும். தோல் கடிக்குப் பூசுகிற ஸ்டீரொய்ட் கலந்த களிம்பும் அப்படித்தான். நக்கினால் உள்ளே போகும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும், சிற்றுண்ணிக்குக் கொண்டாட்டம்.

கூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேலை பெரிது, விளக்கம் சின்னது. ஊசி போடுகிற ஒவ்வொரு நாளும் பழைய வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுங்கள். மரக்கூடு என்றால் பலகைப் பொருத்துகளுக்குள் கொதிதண்ணீர் ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வையுங்கள். வன்னி வெயில் இதற்காவது உதவட்டும். முயல்களுக்கு அதுவரை நிழலில் வேறு பெட்டி. இந்தச் சிற்றுண்ணிகள் முயல் இல்லாமலே சில நாளும், குளிரும் ஈரமும் இருந்தால் மூன்று கிழமை வரையும்கூட உயிரோடு கிடக்கும். மாரியில் தொடங்கிய சொறி இவ்வளவு முற்றியதற்கு ஈரக் கூடும் ஒரு காரணம். புது முயல் இனி வாங்கினால் ஒரு மாதம் தனிக்கூட்டில் வைத்துக் காதைப் பார்த்த பிறகே சேருங்கள்.

மகனுக்கு முயல் மருந்து எதையும் பூச வேண்டாம். முயலில் இருந்து ஒட்டிய சிற்றுண்ணியால் மனிதத் தோலில் பெருகி நிலைக்க முடியாது. முயல் சுகமானால் சில கிழமையில் அவனுக்கும் அடங்கும். இரண்டாவது ஊசி வரை முயலை மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருக்கச் சொல்லுங்கள். தீனி வைக்கலாம், பிறகு சவர்க்காரம் போட்டுக் கையை முழங்கை வரை கழுவ வேண்டும். இரவில் கடி கூடினால், விரல் இடுக்கில் வந்தால், வீட்டில் மற்றவர்களுக்கும் கடித்தால் அது மனிதச் சிரங்காக இருக்கலாம். அப்போது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய், வீட்டில் முயல் இருப்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். வட்டமாகப் படர்ந்தாலும் அப்படியே.

இத்தனையும் சொன்னாலும், சில அறிகுறிகளுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முயல் அரை நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாவிட்டால், புழுக்கை குறைந்தால், தலை ஒரு பக்கம் சரிந்து வட்டமாகச் சுற்றினால், புண்ணில் ஈ மொய்த்துப் புழு தெரிந்தால் அன்றே கொண்டுபோங்கள். மூக்கும் உதடும் தடித்த முயல் வலியில் தின்னாமல் விடும், முயலின் குடல் வெறுமையாக இருந்தால் சீக்கிரம் நின்றுபோகும். வெள்ளைக் கடுவன் விஷயத்தில் எனக்கு அதுதான் பயம். கரட்டைச் சின்னதாகச் சீவி, மெல்லிய புல்லோடு வாயருகில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக அத்தானுக்கு ஒரு வேலை. அவரிடம் மாட்டோடு ஆடும் இருந்தால், ஆடுகள் தலையை உதறுகின்றனவா, காதைத் தூணில் தேய்க்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முயலின் காதில் இருக்கும் அதே சொரோப்டிஸ் ஆட்டின் காதிலும் வாழும். ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முயல் கூடு இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். ஆட்டுக்கும் சொறி இருந்தால் அதையும் அதே நாளில் வைத்தியரிடம் சொல்லி மருந்து போடுவியுங்கள். ஆட்டுக்கு மருந்து போட்டால் எத்தனை நாளைக்குப் பாலும் இறைச்சியும் எடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.